பன்னிரண்டாம் போர்ட்

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்துக்கொள்வது என் வழக்கம். முந்தாநாள் இங்கே வந்தபோது வாசலில் இருந்த காவலர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். எழுதுவதற்கு நீங்கள் ஒரு பேனா கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றுதான் கொடுத்தீர்கள். பாதியில் மை தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி அப்படி.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். கம்ப்யூட்டர் விஷயம் உங்களுக்கு ஆகவே ஆகாது என்றும் சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கிவிட்டு வருகிறேன்.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. சர்வர் ரூம். எந்நேரமும் குளிரும் இரைச்சலுமாக இருக்கும். அங்கே ரேக் என்று நாங்கள் சொல்லும் ஆளுயர இரும்பு அலமாரியில் ஸ்டோரேஜ் பெட்டி இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்துபோன ஒவ்வொருவரின் கோப்பும், எக்ஸ்ரேயிலிருந்து எந்த மருந்து உடம்புக்கு ஆகாது என்பது வரை, அதற்குள்தான் இருக்கிறது. மேலே எந்த மாடியில் எந்த டாக்டர் கோப்பைத் திறந்தாலும் அது அந்தப் பெட்டியிலிருந்துதான் போய்ச் சேர வேண்டும்.

போகும் வழி கேபிள். ஒரே கேபிள் என்றால் என்றைக்காவது காலை வாரிவிடும். அதனால் இரண்டு போடுவோம். ஒன்று மேல் ஸ்விட்சுக்குப் போகும், மற்றது கீழ் ஸ்விட்சுக்குப் போகும். ஸ்விட்ச் என்றால் விளக்கு போடுகிற பொத்தான் அல்ல. வரிசையாக இருபத்துநான்கு துளைகள் உள்ள தட்டையான ஒரு பெட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். இரண்டு ஸ்விட்சிலும் பதினொன்றாம் போர்ட்டை ஸ்டோரேஜுக்கென்று ஒதுக்கி, இரண்டு கேபிளையும் ஒரே இணைப்பாகக் கட்டியது நான்தான். எங்கள் ஆட்கள் இதைப் பாண்டிங் என்பார்கள். சாதாரண நாளில் இரண்டும் பாதிப் பாதி சுமக்கும். ஒன்று போனால் மற்றது வாயைத் திறக்காமல் முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும். மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

இதில் ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. முதல் கேபிள் போனது யாருக்கும் தெரியாமலே போய்விடலாம். இரண்டாவதும் போகும்போதுதான், முதலாவது எப்போதோ போய்விட்டது என்பது தெரியவரும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு எல்லாமே இரண்டு. கேபிள் இரண்டு, மின்சாரம் வரும் வழி இரண்டு, விசிறி இரண்டு. எனக்கு மட்டும் இரண்டாவது ஆள் இல்லை. ஒன்பது வருடம் நான் ஒருவன்தான். அந்த ஒன்பது வருடமும் மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத் தூரத்தைத் தாண்டி நான் போனதில்லை. குளியலறைக்கும் கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். சினிமா போனால் ஓரத்து இருக்கை. எந்தப் படத்தின் முடிவும் எனக்குத் தெரியாது; வீட்டுக்கு வந்து மகள் சொல்லித்தான் தெரியும். என் அப்பா இறந்த அன்று, அவரைக் கிடத்தியிருந்த அறையின் மூலையில் நின்றுகொண்டு பதினாறு நிமிடம் போனில் பேசினேன். "அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க, எழுந்துடும்" என்று நான் சொன்னதைக் கேட்டு என் பெரியப்பா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இரண்டு முறையும் நிர்வாக அதிகாரி உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். "உங்களுக்குப் பதிலா ஒரு ஆள் வரட்டும் சார், தாராளமா போங்க" என்றார். ஆள் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்பது காபி ஆறுவதற்குள் எங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும். என் மனைவி ஒருநாள் சொன்னாள், "புலி வாலைப் புடிச்ச கதைதான் உங்க கதை. புடிச்சிக்கிட்டே ஓடவும் முடியல, விடவும் முடியல." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் சகலை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். என்னைவிட மூன்று வயது இளையவன். கெட்டிக்காரன், கலகலப்பானவன், அவன் வந்து உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள். நான் போய் நிர்வாக அதிகாரியிடம் பேசினேன். சொந்தக்காரன் என்பதால் சம்பளத்தில் பேரம் பேச மாட்டான் என்ற கணக்கில் அவரும் உடனே சரி என்றார். முதல் நாள் ரேக்கின் முன்னால் நின்று அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தோம். இப்ப ஒரே ரேக்குல மாட்டிக்கிட்டோம். கழுதைக்கு வாக்கப்பட்டாச்சு, இனி உதைக்குப் பயந்தா முடியுமா சகலை?"

அவனுக்கு எல்லாம் பழக ஆறு மாதம் ஆனது. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன். திங்கள் காலை எட்டு மணிக்கு முறை மாறும். முறை இல்லாதவனுடைய போன் அடிக்காது.

என்னுடைய முதல் ஓய்வு வாரத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனேன். அங்கே எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் பழைய பத்திரிகை படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் என் கல்யாணத்துக்குப் பிறகு வேறில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி அழுதாள்.

ருசி கண்ட பூனை என்பார்களே, அதுதான் நான். ஒன்பது வருடம் எதுவும் கிடைக்காதபோது ஒரு மாதிரி ஓட்டிவிட்டேன். ஒன்றரை வருடம் கிடைத்துவிட்டுப் பிறகு இல்லையென்றால் முடியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள், இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான். "சகலை, ஒரு நல்ல சேதி. வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். ஒரு மாசத்துல கிளம்பணும்." எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவன் என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். நான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். அவன் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது பார்த்தேன், கைபேசி கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. அது அவனுடைய வாரம். என் கை தானாகவே அதை எடுத்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு விதி உண்டு. கோப்புகள் முப்பது நிமிடத்துக்கு மேல் கிடைக்காமல் போனால் எழுத்துபூர்வமான விசாரணை நடக்கும். அது முடியும்வரை, சம்பந்தப்பட்ட ஊழியர் ராஜினாமா கொடுத்திருந்தாலும் அவரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது. முப்பது நிமிடத்துக்குள் என்றால் ஒரு மடல் போட்டால் போதும். இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். முப்பது என்ற எண்ணைச் சொன்னதே நான்தான். நிர்வாக அதிகாரி பதினைந்து போடலாம் என்றார். பாவம், ஆட்களை அப்படிப் படுத்தக் கூடாது என்று நான் வாதாடினேன்.

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபிள்களை இழுத்துப் பார்ப்போம். மேல் ஸ்விட்ச் கேபிளைப் பிடுங்கி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செருக வேண்டும். பிறகு கீழ் ஸ்விட்ச் கேபிள். செருகியவர் ரேக் கதவில் தொங்கும் தாளில் போர்ட் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முறை சகலை செய்தான். இரண்டு வரியிலும் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். "என்னோட கடைசிக் கையெழுத்து சகலை, கண்ணாடி போட்டு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

நான் மேல் ஸ்விட்சில் பதினொன்றாம் போர்ட்டில் இருந்த கேபிளை எடுத்துப் பக்கத்துப் பன்னிரண்டாம் போர்ட்டில் செருகினேன். கிளிக் என்று உட்கார்ந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. பன்னிரண்டாம் போர்ட் அந்தக் கட்டில் சேர்ந்தது அல்ல. விளக்கு எரியும், எதுவும் போகாது. எங்கள் தொழிலில் யாருக்கும் நேரக்கூடிய பிசகுதான் அது. துளைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும். நான் எதையும் அறுக்கவில்லை, உடைக்கவில்லை. அரை அங்குலம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

ஒற்றைக் கேபிளில்தான் ஓடுகிறது என்று பெட்டி தினமும் ஒரு மடல் அனுப்பும். எங்கள் இருவருக்கும் பொதுவான முகவரிக்கு அது வரும். அந்த மடல்களை மட்டும் பழைய கோப்புறை ஒன்றுக்குத் திருப்பிவிட ஒரு கட்டளை போட்டுவைத்தேன். அந்தக் கட்டளையை நான் அழிக்கவில்லை. உங்கள் ஆட்களை அனுப்பிப் பாருங்கள், பதினேழு நாளைக்குப் பதினேழு மடல், ஒன்றுகூடத் திறக்கப்படாமல் இருக்கும். சாட்சி கேட்டீர்களே, அதுதான் சாட்சி.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று நண்பகலில் கீழ் ஸ்விட்சுக்குப் புது மென்பொருள் ஏற்றும் வேலை. ஏற்ற ஆரம்பித்துவிட்டால் நாற்பது நிமிடம் அந்த ஸ்விட்ச் எழுந்திருக்காது. நடுவில் நிறுத்தவும் முடியாது. மேல் ஸ்விட்ச் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை அது. இந்த மாதிரி வேலைக்கு எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ரேக்கின் முன்னால் நிற்பார், மற்றவர் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையைப் பார்ப்பவர் சரி என்று சொல்லாமல் ரேக்கின் முன்னால் இருப்பவர் கை வைக்க மாட்டார். முறை யாருடையதாக இருந்தாலும் இதற்கு இருவரும் வேண்டும்.

நான் எங்கள் வீட்டுச் சமையலறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை கண்ணாடி டம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளில் ஊர் மாற வேண்டுமே. "அத்தான், இந்த நாலு டம்ளரையும் நான் எடுத்துக்கறேன். அக்கா கேட்டா நீங்கதான் குடுத்தீங்கன்னு சொல்லிடுவேன்" என்றாள். "தாராளமா" என்றேன்.

பன்னிரண்டு நான்குக்குப் போன் வந்தது.

"சகலை, ரெண்டும் ஓகேவா? ஆரம்பிக்கட்டுமா?"

என் திரையில் மேல் இணைப்பு சிவப்பாக இருந்தது.

"ரெண்டும் ஓகே. ஆரம்பி."

பன்னிரண்டு பத்துக்குக் கீழ் ஸ்விட்ச் படுத்தது. மருத்துவமனையில் அத்தனை கோப்புகளும் அதோடு மறைந்தன. எங்கள் சமையலறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் நான் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் எல்லாம் தானே திரும்பி வந்துவிடும், ஆனால் அதுவரை விட்டுவைக்க நான் நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது முப்பத்தொன்றுதான். ஒரு நிமிடம்கூட அதிகம் எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

மூன்றாவது நிமிடத்தில் மறுபடி அழைத்தான். "சகலை, எல்லாம் போயிடுச்சு. மேல் ஸ்விட்சுல பச்சை எரியுதே, ஏன் போக மாட்டேங்குது?" அவனை முதலில் மின்சார இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். பிறகு பெட்டியின் பின்பக்க விசிறிகளைப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவன் சரியாகவே யோசித்தான். "மேல் கேபிளைக் கழட்டி மாட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். "கை வைக்காதே, இருக்கறதும் போயிடும்" என்றேன். அவன் கை வைக்கவில்லை. நான் சொல்வதை அவன் எப்போதும் கேட்பான்.

"அத்தான் குரல்ல கொஞ்சமாவது பதட்டம் இருக்கா பாரேன்" என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். "நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சாவி காணோம்னாலே ஊரைக் கூட்டும்." இருவரும் சிரித்தார்கள்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் அவன் குரல் மாறியிருந்தது. "சகலை, கேஷுவால்டி நர்ஸ் இன்னொரு போன்ல இருக்காங்க. ஒரு அம்மாவைக் கொண்டுவந்திருக்காங்களாம், மூச்சு வாங்குதாம், பேச முடியலையாம். ஊசி போடறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைப் பாக்கணுமாம். எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"பாத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லு. இன்னொரு தடவை பவர் பாரு" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை ஒன்று கேட்பீர்கள். ஒரு போர்ட் தள்ளிச் செருகச் சொல்ல இரண்டு நொடி ஆகும், ஏன் சொல்லவில்லை என்று. பத்தொன்பதாவது நிமிடத்தில் சரியாகியிருந்தால் ஒரு மடலோடு முடிந்திருக்கும். அவன் பத்து நாளில் ஊரைவிட்டுப் போயிருப்பான். அந்தப் பத்தொன்பது நிமிடமும் வீணாகியிருக்கும். அந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. மருத்துவமனை என்றால் டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

முப்பத்தொன்றாவது நிமிடம் முடிந்ததும் சொன்னேன், "மேல் ஸ்விட்சுல அந்தக் கேபிள் எந்த போர்ட்ல இருக்குன்னு எண்ணிப் பாரு." போனில் வாய்விட்டு எண்ணினான். ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை எண்ணினான். பிறகு, மெதுவாக, "ஐயோ" என்றான். கிளிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று நொடியில் எல்லாம் திரும்பி வந்தது.

அந்தப் பெண்மணிக்கு முப்பத்துநான்கு வயது. பள்ளிச் சீருடைகள் தைப்பவர். இரண்டு பிள்ளைகள். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேல் வாசலை அடைத்துவிட்டு, சுற்றி அடித்தளத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். சர்வர் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் வண்டியை நிறுத்தினார். அந்த ஊசி மருந்து அவர் மனைவிக்கு ஆகாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது. நர்ஸ் காத்திருக்கலாம் என்றிருக்கிறார். இனியும் தாமதிக்க முடியாது என்று டாக்டர் இருபத்துநான்காவது நிமிடத்தில் ஊசி போட்டிருக்கிறார். ஒரு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நேரங்களை எல்லாம் விசாரணையில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் மேல் தவறில்லை என்று நானே என் அறிக்கையில் எழுதினேன்.

ஆமாம், அறிக்கை எழுதியது நான்தான். தொழில்நுட்பம் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? தாளில் சகலையின் கையெழுத்து இருந்தது. கேபிள் பன்னிரண்டில் இருந்தது. 'மறுபடி செருகும்போது நேர்ந்த மனிதப் பிழை' என்று எழுதினேன். நிர்வாக அதிகாரி என் தோளைத் தட்டி, "சொந்தக்காரன்னுகூடப் பாக்காம எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு குழுவிடம், "வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

நான் பயந்தது ஒன்றுக்குத்தான். பன்னிரண்டு நான்குக்கு வந்த அந்த அழைப்பு. ஆரம்பிப்பதற்கு முன் நான் சரி என்று சொன்னதை அவன் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. விசாரணை அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க திரையைச் சரியாப் பாக்கல போல இருக்கு சகலை. நான் அதைச் சொல்லல. ஒருத்தன் மாட்டினா போதும், ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வர வேண்டாம்" என்றான். அவ்வளவு நல்லவனை எப்படி வெளியூருக்கு விடுவது?

விதிப்படி அவனை விடுவிக்கவில்லை. புது வேலை போனது. வேறு ஆள் இல்லாததால் விசாரணை நடக்கும்போதே வேலையும் பார்த்தான். முறை முன்போலவே நடந்தது, ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன். என் ஓய்வு வாரம் ஒன்றில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். கைபேசியை எடுத்துப்போகவில்லை. மகள் என்னைக் கழுத்தளவு தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நன்றாக இருந்தது.

அவன்தான் மாறிப்போனான். பேச்சு நின்றுவிட்டது. ரேக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு போர்ட்டாக விரலால் தொட்டு எண்ணுவான். வீட்டில் மாடிப்படியை எண்ணுகிறானாம், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கிறானாம். அவன் மனைவி அந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. என் நான்கு டம்ளரும் அவற்றில்தான் இருக்கின்றன. "கையில கிளிக்னு பட்டுதே சகலை, பதினொண்ணுலதான் பட்டுது" என்று ஒருநாள் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. விட்டுவிடு, யாருக்கும் நேர்வதுதான் என்று ஆறுதல் சொன்னேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. போன வெள்ளிக்கிழமை, அவனை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தயாராகிவிட்டது என்று நிர்வாக அதிகாரி சொன்னார். காவல் துறைக்கும் எழுதப்போகிறார்களாம். அவனுடைய இடத்துக்கு இப்போதைக்கு ஆள் எடுப்பதாக இல்லை என்றார். "நீங்க இருக்கீங்களே சார், ஒன்பது வருஷம் ஒத்தையாளா ஓட்டலையா" என்று சிரித்தார்.

அதன் பிறகுதான் நான் உங்களிடம் வந்தேன். தானாக வந்த காரணத்தை நேற்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நிரபராதி ஒருவன் தண்டனை அனுபவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று சொன்னேன். அதையே இங்கும் எழுதிக்கொள்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கைபேசியை வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டியபோது உங்கள் காவலர் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க" என்றார். நான் பயப்படவில்லை. ஒன்பது மணி நேரம் தூங்கினேன். கதவு வெளியே பூட்டியிருந்தால் யார் கூப்பிட்டாலும் போக முடியாது அல்லவா?

நேற்று மாலை சகலை என்னைப் பார்க்க வந்தான். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அடிப்பான், இல்லை திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"எனக்குப் பதிலா ஒரு ஆளைப் பாத்து, நிர்வாகத்துக்கிட்ட பேசி, அவன் அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேர்றான்னு சொன்னேனே சகலை. அன்னைக்குச் சாப்பிடும்போதே சொன்னேனே. உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? அது உங்க காதுல விழலையா?"

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை என்றேன். அவன் கம்பியை விட்டுவிட்டு வெளியே போனான்.

வாக்குமூலத்தில் பொய் எழுதக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். அவன் சொன்னது என் காதில் விழுந்தது. நான்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் முழுவதும் விழுந்தது. சகலை போகாததால் பிறகு எடுக்காமல் விட்ட அந்தப் புது ஆள் நல்லவன், அனுபவம் உள்ளவன் என்றும் சொன்னான். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எங்கள் இடம் பழக ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் போன் என்னிடம் இருந்திருக்கும். அதற்காகத்தான் செய்தேன்.

பேனாவில் மை இன்னும் இருக்கிறது, எழுத இனி ஒன்றுமில்லை. உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் கைபேசி அதிர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு குட்டை அதிர்வு, ஒரு நீளம். மருத்துவமனை எண்ணுக்கென்று நான் தனியாக வைத்தது. பழக்கத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கையை நீட்டுகிறீர்கள், எடுக்க வேண்டாம். இந்த வாரம் அவன் முறை.